ஐந்து நிமிடம்

புதன்கிழமைதோறும் மூன்று மணிக்கு
வலது காதில் ஒரு பெண்குரலைச் செருகிக்கொள்கிறேன்.
கண்ணாடிக்கு அப்பால் அவள், பெயர் பிர்கிட்.
இந்தப் பக்கம் நானும் மால்தேவும்
ஒரு பெட்டி மரக்கட்டையும்.

"கேள்வி கேட்காதீர்கள்," என்கிறது காது.
"கட்டளை வேண்டாம். திருத்தவும் வேண்டாம்.
அவன் செய்வதைச் சொல்லுங்கள், போதும்."

ஹிர்ட்ஸ்ஹால்ஸ் மீன் ஏலக்கூடத்தில்
ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன் நான்.
பதினெட்டு வருடமாய்
இயந்திர இரைச்சலுக்கு மேலே கத்தியே பேசிய தொண்டை.
விலகு. நில்லு. பார்த்து. எத்தனை தடவை சொல்வது.
இவற்றைக் கழித்தால்
என்னிடம் மிச்சம் எத்தனை சொல் என்று
அன்றுதான் எண்ணிப் பார்த்தேன்.

"மஞ்சள் கட்டையை எடுக்கிறாய்," என்றேன்,
வானொலியில் ஹேண்ட்பால் வர்ணனை சொல்பவனைப் போல,
அதுவும் தோற்கிற அணிக்கு.
"மஞ்சள் மேல் நீலம் வைக்கிறாய்."
மால்தே நிமிர்ந்து பார்த்தான்,
அப்பாவுக்குக் காய்ச்சலோ என்று.

"பாராட்டுங்கள். நல்ல பையன் என்றால் போதாது,
எதற்கென்று சொல்லுங்கள்."
எதற்கென்று சொல்லி
என்னை யார் பாராட்டியிருக்கிறார்கள்?
ஒரே இரவில் பதினான்கு டன் காட் மீனை
ஒரு பெட்டி கவிழாமல் இறக்கியவன் நான்.

ஆறாவது வாரம் கோபுரம் சரிந்தது.
வீசிய கட்டை என் புருவத்தில் பட்டது.
கை எழுந்துவிட்டது.
எங்கிருந்து எழுந்ததென்று எனக்குத் தெரியும்,
பிர்கிட்டுக்குத் தெரியாது.
"மூச்சு," என்றது காது.
"கட்டைகளைப் பாருங்கள். அவனை அல்ல."
எழுந்த கையை என்ன செய்வது?
தலையைச் சொறிந்தேன்.

"தேறுகிறானா?" என்று கேட்டாள் யெட்டே.
"யார்?" என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.

தேறிவிட்டான் என்று சொல்லமாட்டேன்.
போன வாரம்கூட நர்சரியில்
ஒரு சிறுமியின் தோளில் பல் பதித்துவிட்டு வந்தான்.
முன்பு நாளுக்கு நான்கு முறை
தரையில் புரண்டு அலறியவன்
இப்போது இரண்டு முறை, சில நாள் மூன்று.
ஃப்ரிட்ஜ் கதவில் தாள் ஒட்டியிருக்கிறது, யெட்டே கோடு போடுகிறாள்.
என் கத்தலுக்கும் ஒரு பத்தி உண்டு.
அதில் நானேதான் போடவேண்டும்.

வீட்டுப்பாடம்: தினமும் ஐந்து நிமிடம்.
கைபேசியை ரொட்டிப் பெட்டிக்குள் போட்டுவிட்டு
சமையலறைத் தரையில் உட்காருகிறேன்.
ஐந்து நிமிடம் எவ்வளவு நீளம் என்று
கடலில் நின்றவர்களுக்கும் தெரியாது.

நேற்று வேலை முடிந்து வந்தேன்.
உப்பில் விறைத்த பூட்ஸ் கழல மறுத்தது.
மாடிப்படியில் மால்தே,
தூங்கியிருக்க வேண்டிய நேரம்.
"அப்பா பூட்ஸைக் கழட்டுறார்," என்றான்.
நான் நிமிரவில்லை.
"கோபமாக் கழட்டுறார்."

காதைத் தொட்டுப் பார்த்தேன். அங்கே ஒன்றும் இல்லை.
நாடாவின் முடிச்சைத் தேடி
நகத்தால் நெம்பினேன்.
"இப்போ மெதுவா," என்றான்.

சபாஷ் என்று சொல்லவில்லை.
அடுத்த காலுக்காகக் காத்திருந்தான்.