பார்வே

நாலு ஐம்பது ரயிலில் ஆண்ட்வெர்ப்பை விட்டுக் கிளம்புகிறேன்.
பெட்டியில் நானும், இரவுப் பணி முடிந்த ஒரு நர்ஸும்.
அவள் காலணி கழற்றி விரல்களை அசைப்பாள்;
நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.
எட்டு வருடம். பெயர் கேட்டதில்லை.

பிஸ்கட் ஆலையில் என் வேலை
ஒரு பொத்தானை அமுக்குவது.
சிரிக்கலாம்.
அடுப்பு நாற்பது மீட்டர்.
மாவு பிசைபவர், சர்க்கரை அளப்பவர்,
டின்னில் அடுக்கும் இயந்திரம்,
யாரும் என் கூட்டமல்ல.
தீ மட்டும் யூதக் கையால் பிறக்கவேண்டும்.
பிறகு சல்லடையில் பூச்சி பார்ப்பேன்,
குழாய் மூட்டுகளில் என் ஈய முத்திரை உடையவில்லையே என்று பார்ப்பேன்.
"நம் போலீஸ்காரர் வந்துவிட்டார்" என்பார்
மேலாளர் வான் ஹூலே,
தினமும், அதே சிரிப்போடு.

ஆட்டுக்குட்டிக்கும் அதன் தாய்ப்பாலுக்கும் நடுவே
எங்கள் சட்டம் மூன்று முறை கோடு கிழித்தது.
அந்தக் கோட்டிலிருந்து வந்தவைதான்
என் வீட்டின் இரண்டு சிங்க்,
நீலப் பிடிக் கத்தி, சிவப்புப் பிடிக் கத்தி,
இறைச்சி தின்றுவிட்டு, பால் விட்ட காபிக்காக
ஆறு மணிநேரம் கடிகாரத்தை முறைக்கும் என் மைத்துனன் ஃபைவல்.
பால் ஒரு பால், ஊன் ஒரு பால்.
இரண்டிலும் சேராததைப் பார்வே என்போம்:
முட்டை, மீன், கேரட், உப்பு,
இரண்டாம் வரிசையில் வேகும் இந்த முயல் பிஸ்கட்.

பெட்டியின் பின்னால் கடுகளவு முத்திரை.
அதைப் பார்த்து ஒரு பெண் போன் செய்தாள்.
கென்ட் பக்கத்துப் பேச்சு. க்ரீட் என்றாள்.
"நாங்கள் யூதர் இல்லை. மன்னியுங்கள்,
உங்கள் முத்திரையைத் திருடித்தான் கடைக்குப் போகிறேன்.
மகனுக்குப் பால் ஆகாது. ஒரு துளி போதும், தொண்டை அடைத்துவிடும்.
பிறந்தபோது என் பாலே ஆகவில்லை."
"அம்மா, அது வைத்தியர் முத்திரை அல்ல" என்றேன்.
"தெரியும். எழுதியிருப்பதையெல்லாம் படித்துவிட்டு
அதையும் பார்க்கிறேன்.
யாரோ ஒருவர் பயந்து பயந்து பார்த்திருக்கிறார் அல்லவா."
முயலின் காதைத்தான் முதலில் கடிப்பானாம்.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்.
மேல்தளத்தில் பால்மாவு மூட்டை கிழிந்து
ஒரு கைப்பிடி, அதற்கும் குறைவு,
இரண்டாம் வரிசைத் தொட்டிக்குள் விழுந்தது.
பார்வைக்கு ஒன்றுமில்லை. மாவின் மேல் மாவு.
ரப்பியைக் கூப்பிட்டேன்.
எவ்வளவில் எவ்வளவு என்றார், கணக்குப் போட்டார்.
"அறுபதில் ஒன்றுக்கும் எவ்வளவோ கீழே. தற்செயல்.
சட்டப்படி அது இல்லை. அனுமதி."

அந்தச் சட்டத்தின் ஈரம் எனக்குத் தெரியும்.
ஏழையின் ஒரே பானையை உடைக்க விடாத ஈரம்.
ஆனால் அறுபதில் ஒன்று,
அறுபதாயிரத்தில் ஒன்று,
அந்தத் தொண்டைக்கு எண்ணத் தெரியாதே.

"ஒரு கைப்பிடிக்கு நாலு டன்னா?" என்றார் வான் ஹூலே.
"உங்கள் ஆளே சரி என்கிறார்!"
என்னிடம் இருந்தது ஒரு பொத்தான்.
நாற்பது மீட்டரும் இருட்டியது.
"மூட்டுங்கள்."
"தொட்டியைக் கொட்டுங்கள், மூட்டுகிறேன்."
பதினொன்றரை வரை நின்றோம்,
அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்,
நடுவே ஆறும் இரும்பு டிக் டிக்கென்று.
முக்காலுக்குக் கொட்டினார்கள்.

இரவு ரப்பி கூப்பிட்டார்.
"அனுமதித்ததை மறிப்பதும் தப்பு, ஸ்விர்ன். யாருக்காக?"
சொன்னேன்.
கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது.
"மடையா, இதைக் காலையிலேயே சொல்லக்கூடாதா?
அறுபது பானைக்கு. உயிருக்கல்ல."
பிறகு, "பையன் பெயர் என்ன?"
எனக்குத் தெரியவில்லை.
கேட்டிருக்கலாம்.

மறுநாள் நாலு ஐம்பது.
ஸ்கெல்ட் ஆற்றுப் பனி கண்ணாடியில்.
பையில் விற்பனைக்கு ஆகாத முயல்கள், பாதிக்குக் காதில்லை.
முதல்முறையாகக் காகிதத்தைப் பிரித்து நீட்டினேன்.
ஒரு கையால் பாதத்தைத் தேய்த்துக்கொண்டே
நர்ஸ் ஒன்றை எடுத்தாள்,
எதையும் கேட்காமல்,
திருப்பிக்கூடப் பார்க்காமல்.