கோட்டோரம்

உருகுவேயில், பாய்சாந்து நகர லீக்கில்
பதினெட்டு வருஷம் கோட்டோரம் ஓடியவன் நான்.
கையில் கொடி.
முதுகுக்குப் பின்னால் கம்பிவேலி,
வேலிக்குப் பின்னால் எல்வீரா.
"குருட்டுப் பயலே!"
ஒரு ஞாயிறு தவறியதில்லை.
மழைக்கு ஆட்டம் நின்றபோதும்
கடைத்தெருவில் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனாள்.

ஆட்டத்துக்கு முன் பந்தின் காற்றை அளப்போம்.
ஷூ ஆணிகளைத் தடவிப் பார்ப்போம்.
வலையில் ஓட்டை உண்டா என்று
கம்பத்துக்குக் கம்பம் விரல் விடுவோம்.
என் கண்ணை
லைசென்ஸ் எடுத்த வருஷம் ஒருவர் பார்த்தார்.
சுவரில் எழுத்துகள், கடைசி வரிவரை படித்தேன்.
அதோடு சரி.

இந்த மார்ச்சில்
படிக்கும் கண்ணாடி வாங்கப் போன இடத்தில்
டாக்டர் சிக்னொரெல்லி விடவில்லை.
ஒரு கண்ணை மூடி, வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகம்.
நடுப்புள்ளியையே பார்,
ஓரத்தில் வெளிச்சம் மினுக்கினால் பொத்தானை அழுத்து.
முதல் மினுக்கலுக்கு
என் வலக்கை தானாக மேலே போனது.
நர்ஸ் சிரித்தாள். நானும்.
பிறகு வெகுநேரம் எதுவும் மினுக்கவில்லை.
மெஷின் நின்றுவிட்டதா என்று கேட்டேன்.
நிற்கவில்லை.

காகிதத்தில் இடது மூலை கறுத்திருந்தது,
இஸ்திரிப்பெட்டி மறந்த துணி மாதிரி.
"வலிக்கவே இல்லையே" என்றேன்.
"வலிக்காது.
பார்வை போன இடத்தில்
மூளை பக்கத்துப் புல்லைப் பிய்த்து ஒட்டுப்போட்டுவிடும்."
அப்படியானால்
நான் கொடி தூக்காத கோல்களில்
எத்தனை பேர் அந்தப் புல்லுக்குள் நின்றார்கள்?

அப்பா கடைசி வருஷங்களில்
மாத்தே டீ ஃபிளாஸ்க்கைத் தட்டிவிட்டுக்கொண்டே இருந்தார்.
கைநடுக்கம் என்றோம்.
துடைத்தோம்.

டாக்டர் எழுதினார்:
எனக்கு இரவில் சொட்டு மருந்து,
நாலு மாதத்துக்கு ஒருமுறை இந்தக் கிண்ணம்.
தம்பி நெல்சனுக்கு, ஒரே ரத்தம் என்பதால், வருஷா வருஷம்.
ஒரு குறையும் இல்லாதவர்களும் நாற்பது தாண்டினால்
இரண்டு வருஷத்துக்கு ஒருமுறையாவது.
"தெரிகிறதே என்று மட்டும் இருந்துவிடாதீர்கள்."

கொடியைத் திருப்பிக் கொடுக்கப் போன ஞாயிறு
வேலியருகே நின்றேன்.
"நீ கடைசியாக எப்போது கண்ணைக் காட்டினாய், எல்வீரா?"
அறுபத்தெட்டு வயது. சர்க்கரை வேறு.
"என் கண்ணுக்கென்ன கேடு?
உன் ஆஃப்சைடை எல்லாம் இங்கிருந்தே பார்த்தவள்."

புதன்கிழமை கிளினிக்கில்
மூன்றாவது நாற்காலியில் இருந்தாள்.
ஆட்டத்துக்குப் போடும் அதே கம்பளிச்சட்டை,
மடியில் கைப்பை.
வலப்பக்கம் போய் நின்றேன்.
அசையவில்லை.
கொஞ்சம் இருமினேன்.
இடப்பக்கம் வந்தேன்.
"தள்ளி நில், குருடா" என்றாள்.