இரண்டு அரியர்

குலசேகரம் இ-சேவை மையத்தில்
பதினோராவது ஆள் நான்.
முன்னால் நிற்பவர் கையில் ரேஷன் கார்டு,
பின்னால் நிற்பவள் இடுப்பில் குழந்தை.
என் கையில் ஒரு பிளாஸ்டிக் உறை,
உள்ளே பத்தொன்பது தாள்.
எது வேண்டும் எது வேண்டாம் என்று
யாரும் இதுவரை சொல்லவில்லை.

ஆண்டு வருமானம் என்று ஒரு கட்டம்.
ஒரே ஒரு எண்தான் அதில் கொள்ளும்.
"அப்பாக்கு என்ன கிடைக்கும்?"
மழை பெய்த நாளிலா, பெய்யாத நாளிலா?
பட்டை நனைந்தால் ரப்பரில் கத்தி வைக்க முடியாது.
இந்த ஆனியில் அவர் பால் வெட்டியது ஆறே நாள்.
ஒட்டுப்பால் காசு தனி,
அது முதலாளிக்கா எங்களுக்கா என்பது
இன்னும் தீராத வழக்கு.
கம்ப்யூட்டரிலிருந்து கண்ணெடுக்காமல் சஜிதா சொன்னாள்:
"கூட்டியும் போடாத, குறைச்சும் போடாத,
வி.ஏ.ஓ. நம்புற மாதிரி போடு."
பன்னிரண்டு மாத வானத்தை
எழுபத்திரண்டாயிரம் ஆக்கினேன்.

தகவல் ஒரே இடத்தில் இருக்கவில்லை.
கால்வாசி வங்கி வாசலில், காவலாளியிடம்:
"ஜாமீனுக்கு ஆளு வேணும்னு சொல்லுவாவ மக்ளே.
அத எழுத்துல தாருங்கன்னு கேளு.
பேச்சு மாறும்."

கால்வாசி மார்த்தாண்டம் பஸ்ஸில்,
பெயர் கேட்க மறந்த ஒருத்தியிடம்.
நர்சிங் இரண்டாம் வருடமாம்.
கணக்கில் ஆதார் சேர்க்காததால்
ஒரு வருடத் தொகை வராமலே போனதை
திருவட்டாரில் ஆரம்பித்து
ஆற்றூரில் சொல்லி முடித்து இறங்கிவிட்டாள்.

கால்வாசி தப்பு.
அதைச் சொந்தக்காரர்கள் தந்தார்கள்.

மிச்சம் எங்கள் வீட்டு அலமாரியின் மேல்,
ஷிபின் அண்ணனின் மார்க் ஷீட் கட்டில் இருந்தது.

முதல் பட்டதாரி சான்றிதழ்.
வீட்டில் யாரும் டிகிரி முடித்திருக்கக் கூடாது.
அண்ணன் மூன்று வருடம் பி.காம். போனான்.
இரண்டு பேப்பர் நிற்கிறது.
ஒன்று காஸ்ட் அக்கவுண்டிங்.
மற்றது வருமான வரி,
எங்கள் வீட்டில் யாரும் கட்டாத ஒன்று.
நவம்பரில் எழுதுவேன், ஏப்ரலில் எழுதுவேன் என்று
நாலு வருடமாகக் கருங்கலில் டைல்ஸ் ஒட்டுகிறான்.

மாமா மகள் கல்யாணக் கார்டில்
அவன் பெயருக்குப் பின்னால்
பி.காம். என்று அடிக்கச் சொன்னது அம்மா.
நாங்கள் யாரும் திருத்தவில்லை.
அந்தக் கார்டு வி.ஏ.ஓ.வுக்கும் போயிருந்தது.

"ஒனக்க அண்ணன் பி.காம்.லா?
கார்டுல பாத்தேனே."

நான் வாய் திறக்கவில்லை.
அம்மா சேலைத் தலைப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
போன் போட்டு அரைமணி நேரத்தில்
வேலை உடுப்போடு வந்தான் அண்ணன்.
ஆறு செமஸ்டரையும் மேசையில் விரித்தான்.
நிதானமாக,
தோற்ற இடத்தில் மட்டும் விரல் வைத்தான்.
"இதப் பாருங்க சார். இதும் பாருங்க.
கார்டுல போட்டது பொய்."

வி.ஏ.ஓ. கையெழுத்துப் போடும்வரை
ஃபேன் சத்தம் மட்டும்.

ஐந்தாம் செமஸ்டர் தாளில்
வெள்ளைச் சிமெண்டில் அவன் விரல் பதிந்திருந்தது.
ஸ்கேன் செய்யும்போது சஜிதா துடைத்துப் பார்த்தாள்.
போகவில்லை. அப்படியே ஏற்றினாள்.

பஸ் ஸ்டாண்டில் டீ ஆறும்வரை பேசாதிருந்தவன்
டம்ளரை வைத்துவிட்டுக் கேட்டான்:
"இனி நான் அந்த ரெண்டையும் எழுதிப் பாஸானா
ஒனக்க சலுகை போயிருமா?"

சஜிதாவிடம் கேட்டேன்.
"இத இதுவரை யாரும் கேட்டதில்ல," என்றாள்,
"தாலுகா ஆபீசுல விசாரிச்சுச் சொல்லுறேன்."
விண்ணப்பம் பரிசீலனையில் இருப்பதாக
போனில் தினமும் வருகிறது.
அவள் இன்னும் சொல்லவில்லை.

நவம்பர் தேர்வுக்குப் பணம் கட்டக் கடைசித் தேதியை
பத்தொன்பதாவது தாளின் பின்பக்கம்
பென்சிலால் குறித்து வைத்திருக்கிறேன்.