கிரீக்

பென்சில்வேனியாவின் சிறு பாலங்களுக்குப்
பெயர்ப்பலகை எழுதுகிறேன்.
பச்சைத் தகடு, வெள்ளை எழுத்து.
'கிரீக்' என்று நான் எழுதுவதை
இந்த ஊர் 'கிரிக்' என்றே வாசிக்கும்.
நெடிலுக்கெல்லாம் இங்கே பொறுமை கிடையாது.

கிரீக் என்றால் எங்களுக்கு ஓடை.
ட்ரவுட் மீன், ரப்பர் பூட்ஸ்,
ஏப்ரலில் பாலத்தின் வயிற்றை நக்கும் பனிநீர்.
மேலிருந்து கீழே.
அதற்கு வேறு கொள்கை இல்லை.

எஸ்ஸெக்ஸிலிருந்து மணமாகி வந்த தர்ஸா கட்மோர்
முதல் நாள் மதியம் முழுக்கக்
கரையில் உட்கார்ந்திருந்தாள்.
என்ன பார்க்கிறாய் என்றான் புருஷன்.
"தண்ணீர் எப்போது திரும்பும்?"

அவள் ஊரில் கிரீக் என்றால் உப்பங்கழி.
ஆறு மணி நேரம் கடல் உள்ளே வரும்,
ஆறு மணி நேரம் வெளியே போகும்.
சேற்றில் ஒருக்களித்துக் கிடக்கும் படகுகள்
யாரும் எழுப்பாமலே எழுந்து நிற்கும்.
போனது வரும் என்பது அங்கே நம்பிக்கை அல்ல,
அட்டவணை.
சமையலறை ஆணியில் தொங்கும்.

கப்பலில் வந்தவர்கள்
கடலோரக் கழிக்குத்தான் அந்தப் பெயரை வைத்தார்கள்.
பிறகு கரையோடு மேலே நடந்தார்கள்.
உப்பு குறைந்தது, அகலம் குறைந்தது,
ஏற்றவற்றம் நின்றுபோனது.
பெயரை மாற்ற யாருக்கும் நேரமில்லை.
கழி ஓடையானது இப்படித்தான்.

அதற்கும் முன்னால்
வடகடலோடிகளின் வாயில்
அதில் தண்ணீரே இல்லை என்கிறார்கள்.
வெறும் மூலை, ஒரு மடிப்பு.
முன்னால் 'கை' சேர்த்தால் அக்குள்.

துல்சாவில் ஒரு பயிற்சி வகுப்பு.
பக்கத்து மேசையில் லியோனா ஃபிக்ஸிகோ
தூரிகையைக் கழுவிக்கொண்டே சொன்னாள்:
"எங்களையே அப்படிக் கூப்பிட்டார்கள்.
ஓடைக்கரையில் இருந்தோம்,
வியாபாரியின் நாக்கில் எங்கள் பெயர் நிற்கவில்லை.
அப்புறம் கரையிலிருந்து கிளப்பினார்கள்.
ஓடை அங்கேயே நின்றுவிட்டது,
அதன் பெயர் எங்களோடு நடந்து வந்தது.
நாங்கள் மஸ்கோகி.
ஓடைக்கு எங்களிடம் சொல் உண்டு, ஹச்சி."
என் எழுத்தட்டையைப் பார்த்தேன்.
அந்தச் சொல்லுக்கு அளவெடுத்து வைத்திருக்கவில்லை.

இன்று காலை மழைத் தூறல்.
புதுப் பலகையை அக்குளில் இடுக்கிக்கொண்டு
ஏணியில் ஏறினேன்.
பெயின்ட் காயவில்லை போல.
மேலே போய்ப் பார்த்தால்
நெடில் என் சட்டையில் இருந்தது.

அப்படியே மாட்டிவிட்டேன்.
தர்ஸா மட்டும் சைக்கிளை நிறுத்தி
ஒரு நிமிடம் பார்த்தாள்,
பலகையை அல்ல,
கீழே.