அஞ்சல் குறியீடு 97440

தெற்கு வெளி வீதி. கூரியர் கடை. மதியம் மூன்று.
அவர் நீட்டிய சீட்டில் பெயர் முத்துசாமி;
எழுத்தோ பிரெஞ்சில்,
ஒரு ‘மு’வுக்கு மூன்று எழுத்துச் செலவழித்து.
தமிழ் தெரியாது. ஆங்கிலம் என்னுடையதைவிட மோசம்.
ரீயூனியன் தீவாம்,
கரும்பு வெட்டப் போனவர்களின் ஐந்தாம் தலைமுறையாம்,
கூட வந்த லாட்ஜ் பையன் சொன்னான்.

சுங்குடிச் சேலை ஆறு.
பித்தளை மணி ஒன்று, நாக்கைத் துணியால் கட்டி.
விபூதி அரைக்கிலோ.

செயின்ட் ஆண்ட்ரே, என்று வாசித்தேன்.
சேன்தாந்த்ரே, என்றார் மூக்கால்.
கணினி ஊர்களைக் கீழே இறக்கியது:
97410 ராயப்பர்
97460 சின்னப்பர்
97480 சூசையப்பர்
97470 ஆசீர்வாதப்பர்.
எங்கள் கோயில் ஞானஸ்நானப் பதிவேட்டை
யாரோ கடலில் வீசி,
தாள்தாளாய்த் தீவைச் சுற்றி ஒதுங்கியதுபோல.

செயின்ட்டின் ட் எழுத மட்டும்தான்,
உயிரெழுத்து பக்கத்தில் வந்தால்தான் கண்விழிக்கும்
என்று விரலால் பாடம் எடுத்தார்.
கீழ வெளி வீதியில் ஷேர் ஆட்டோக்காரர்
செயிமேரீஸ் செயிமேரீஸ் எனக் கூவும்போது
அந்த ட் எங்கே போகிறதாம்?

பிறகுதான் என் சட்டையைக் காட்டினேன். பெலவேந்திரன்.
பள்ளியில் பெலம். பேங்கில் பாலவேந்தன்.
வாக்காளர் அட்டையில் ஏதோ.
எந்தக் காலத்துச் சாமியாரோ
அந்திரேயாவுக்குத் தைத்த தமிழ்ச் சட்டை,
எனக்கு எப்போதும் கொஞ்சம் தொளதொள.
ஆண்ட்ரே = நான், என்று பில்லின் பின்புறம் எழினேன்.
கொஞ்ச நேரம் பார்த்தார்.
சிரித்த சிரிப்பில் தராசு முள் ஆடியது.
அப்புறம் ஊர்ப்பெயராலேயே என்னைக் கூப்பிட்டார்.
ஒரு முழு ஊர் என் பேரில்;
ஒரு சென்ட் இடம் கிடையாது அங்கே.

விபூதி போகாது, சார்.
பொடி எதுவும் போகாது, வெள்ளையென்றால் அறவே.
சிவப்புக் குறுக்குக்கோடு போட்ட அட்டையைக் காட்டினேன்.
பொட்டலத்தைப் பிரித்தார்,
தான் ஒரு கீற்று இட்டுக்கொண்டார்,
மிச்சத்தை என் பக்கம் தள்ளினார்.
வாங்கலாமா கூடாதா என்று யோசிப்பதற்குள்
தெருவில் இருந்தார்.

மணி நாக்கு அசையாமல்
சென்னை, பாரிஸ், சேன் தெனி வழியாகப் போகிறது.
எடையில் அரைக்கிலோ கழித்து மறுபடி பில் போட்டேன்.
டிராயரில், ரப்பர் ஸ்டாம்புகளுக்கு நடுவே பொட்டலம்.
சாம்பல் புதனுக்கு
இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது.