துளையிட அனுமதி இல்லை

ஊஞ்சல் பலகை கார்கோவில் வந்த அன்றே
கூரையை அண்ணாந்து பார்த்தார் மொகுதூம்.
நான் பார்க்கவில்லை. எனக்குத் தெரியும்.

அந்த வெள்ளைப் பூச்சுக்குள்
இழுத்துக் கட்டிய எஃகு வடங்கள் ஓடுகின்றன.
ஒன்றில் டிரில் முனை பட்டால் போதும்.
தோஹாவில் இப்படிக் கேட்டு வரும் மனுக்களைத்
திருப்பி அனுப்புவதுதான் என் வேலை.
இந்த மாதம் மட்டும் பதினொன்று.

"நானும் உனக்கு மனுப் போடணுமா?"
"போடுங்க. மறுப்பேன்."

இரண்டு வாரம் சுவரில் சாய்ந்து நின்றது தேக்கு,
விசிட் விசாவில் வந்து
வேலை கிடைக்காத மச்சானைப் போல.

பிறகு சனையாவில் ஒரு நேபாளிப் பையன்
கறுப்பு இரும்பில் நாலு கால் வெட்டித் தந்தான்.
சங்கிலி மாட்டும் ஓட்டைகளிலேயே போல்ட்;
பலகையிலும் புதிதாய் ஒரு துளை இல்லை.

இப்போது அது சாம்பல் நிற சோபாவுக்கு முன்னால்
டீ மேசை.
ரிமோட், பேரீச்சைக் கிண்ணம், என் லேப்டாப்.
பித்தளைச் சங்கிலி ஒன்று
நிற்கும் விளக்கில் தொங்குகிறது.
மற்ற மூன்றும் இழுப்பறையில்,
அளவுநாடாவுக்குப் பக்கத்தில்.

வருகிறவர்கள் தடவிப் பார்த்து
எந்தக் கடை என்கிறார்கள்.
மொகுதூம் சொல்வதில்லை.
எல்லோரும் போனபின்
கிண்ணத்தை ஓரமாய்த் தள்ளி ஏறி உட்கார்ந்து
கால்விரலால் தரையை
ஓர் உந்து உந்துகிறார்.

அசையவில்லை.
கணக்குப்படி அசையவும் கூடாது.

"நகருங்க" என்று நானும் ஏறிக்கொண்டேன்.
நூற்று நாற்பத்தொரு கிலோ.
தாங்கும்.