நிறுவை

சாட்ஸ்வர்த் கிளினிக்கில்
நிறுத்துப் பார்க்க
முதலில் நிற்க வேண்டும்.

பதினோரு வருஷமாய்
கண்ணாலேயே என்னை நிறுக்கிறாள்
நர்ஸ் தோபெகா.
அறுபது என்று எழுதுவாள்.
அறுபதுக்குண்டான வலிப்பு மாத்திரை,
அறுபதுக்குண்டான கிறுகிறுப்பு.

சனிக்கிழமை, தூறலில்,
உருளைக்கிழங்கு மண்டி லோகநாதன்
மூட்டைத் தராசில் என்னை
நாற்காலியோடு ஏற்றினார்.
பிறகு என்னை வெங்காயச் சாக்கின்மேல் இருத்திவிட்டு
நாற்காலியை மட்டும்.
கழித்தால்
நாற்பத்து மூன்று.
"கிலோ என்ன விலை?" என்றேன்.
வெட்கப்பட்டுக்கொண்டே
பில் சீட்டில் எழுதித் தந்தார்.

திங்களன்று
அந்தச் சீட்டைத் தோபெகா
இரண்டு தரம் படித்தாள்.
அறுபதை அடித்தாள்.
கொஞ்ச நேரம் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
கதவுக்கு வெளியே
சக்கர நாற்காலிகள் இன்னும் நாலு.

மண்டி எத்தனை மணிக்குத் திறக்கும்
என்று கேட்டாள்.